மூன்று வோல்ட் உதைக்கிறது

குழாயைத் திறந்தால் தண்ணீர் மோட்டார் உறுமும்,
விளக்கு சுருங்கிவிடும்.
பல் தேய்த்து முடிக்கும்வரை
எபனேசரின் முகம் பழுப்பாய்த் தெரியும்,
பழைய ரேஷன் கார்டுப் படம்போல.

பத்து மாத அட்வான்ஸ் கேட்ட வீட்டுக்காரருக்குக்
கொடுக்காத பணத்தில் வாங்கிய வண்டி இது.
பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்த டெம்போ டிராவலர்.
இருக்கைகளைப் பிடுங்கிக் கட்டில் போட்டோம்,
சிங்க் வைத்தோம்,
கூரையில் இரண்டு எல்.இ.டி. பட்டை.
பீன்யாவில் எடைமேடைக்குப் பின்னால்
மாதம் மூவாயிரத்துக்கு நிற்க இடம்.
விலாசம் கேட்கும் படிவங்களில்
இன்னும் நாகசந்திரா அத்தை வீட்டைத்தான் எழுதுகிறேன்.

முதலில் பாட்டரியைச் சந்தேகப்பட்டோம்.
ஜே.சி. ரோட்டில் நியாமத் கடையில் பதினோராயிரம்.
புதுசு. தூக்கிவர இரண்டு ஆள்.
விளக்கு எரிந்தது.
குழாயைத் திறந்தேன்.
சுருங்கியது.

பிறகு ஃப்யூஸ். பிறகு சுவிட்ச்.
பிறகு, இரவு பதினொரு மணிக்கு,
ஒருவரையொருவர்.
"நீ வாங்கின வயர்தான் ஒல்லி" என்றான்.
"நீ முறுக்கின ஜாயின்ட்தான் லொடலொட" என்றேன்.
மழைச் சத்தத்துக்கு மேலே கத்தவேண்டியிருந்தது.
காவலுக்கிருக்கும் திம்மராயப்பா குடையோடு வந்து
கதவைத் தட்டி, ஒன்றுமில்லையே என்று பார்த்துவிட்டுப் போனார்.

நான் சம்பளப் பட்டியல் போடுகிறவள்.
நானூற்றிருபது பேர் கணக்கில்
ஒரு ரூபாய் உதைத்தாலும் எழுந்திருக்கமாட்டேன்.
அந்த ஆத்திரத்தில்தான் மல்டிமீட்டரை எடுத்தேன்.

பாட்டரியில் பன்னிரண்டு புள்ளி ஆறு.
விளக்கில் ஒன்பது புள்ளி நான்கு.
நடுவில் யாரோ மூன்று புள்ளி இரண்டைத் தின்கிறார்கள்.

சிவப்பு வயரின் இரு முனையிலும் ஊசிகளை வைத்தேன்.
புள்ளி ஒன்று. நல்ல பிள்ளை.
கறுப்பைத் தொட்டேன்.
மூன்று புள்ளி ஒன்று.

இத்தனை நாளும்
போகிற வழியையே விசாரித்துக்கொண்டிருந்தோம்.

கறுப்பு வயர் கட்டிலுக்கடியில் ஒரு போல்ட்டில் முடிகிறது.
அதற்குப் பெயர் எர்த்.
நான்கு ரப்பர் சக்கரத்தின் மேல் நிற்கிறது வண்டி,
மண்ணை எங்கேயும் தொடவில்லை.
தன் எலும்பையே மண் என்று சொல்லிக்கொள்கிறது.
அதில் எனக்கொன்றும் ஆச்சரியமில்லை.

அரிசி டப்பா, செருப்புகள், இஸ்திரிப் பெட்டி
எல்லாவற்றையும் இழுத்துப்போட்டு
டார்ச்சை வாயில் கவ்விக் குப்புறப் படுத்தேன்.
போல்ட்டைக் கழற்றினால்
அடியில் மயில்கழுத்து நீலம்.

என் நீலம்.
குடிவந்த வாரம், ஒரு மூலை விடாமல்,
இடுக்கிலெல்லாம் விரலால்கூட,
நான் அடித்த பெயின்ட். இரண்டு கோட்.

எபனேசர் எதுவும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.
உப்புத்தாளை நீட்டினான்.

சுரண்டச் சுரண்ட நீலம் தூளாய் மூக்கிலேறியது.
அதன் கீழ் பள்ளிவண்டி மஞ்சள்.
அதன் கீழ் செம்மண் நிற ப்ரைமர்.
அதற்கும் கீழேதான் இரும்பு,
ஒரு ரூபாய் அளவுக்கு,
கூச்சத்தோடு பளிச்சென்று.

வயரை வைத்து முடுக்கினேன்.
அவன் குழாயைத் திறந்தான்.
விளக்கு அசையவில்லை.
வெளியே, உயரத்தில், கடைசி மெட்ரோ
ஆளில்லாத பெட்டிகளுக்கெல்லாம் வெளிச்சம் போட்டுக்கொண்டு போனது.

இப்போது எல்லாம் தெரிகிறது.
ஜன்னலோரம் நீலத்தில் ஒட்டிக் காய்ந்த பிரஷ் மயிர்.
மசாலா டப்பாக்களுக்குப் பின்னால் ஒரு கரப்பான்.
எபனேசரின் தாடியில் இரண்டு நரை,
அல்லது மூன்று.

"பழைய பாட்டரி நல்லாத்தான் இருந்திருக்கு" என்றான்.
"எழுநூறு கழிச்சான் நியாமத்" என்றேன்.
இருவரும் அந்த எழுநூறைப் பற்றி
வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தோம்.

சிங்க் நிரம்பிக் காலில் வழிந்தபோதுதான்
மோட்டார் ஓடிக்கொண்டிருப்பதே
நினைவுக்கு வந்தது.